கங்காவை அங்கேயே விட்டிருக்கலாமா?

கேள்வி, ஜூன் 2

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நேற்றுதான் முடித்தேன். கடைசியில் கங்கா குடிக்க ஆரம்பித்துவிடுவதைப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. அதற்குத் தொடர்ச்சியாக ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று ஒரு நாவல் இருக்கிறதாம். படிக்கலாமா, இல்லை இதோடு விட்டுவிடுவது நல்லதா? படித்தவர்கள் சொல்லுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஜூன் 2, இரவு

வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு புத்தகம் தூங்கவிடாமல் செய்கிறதென்றால் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்தாக இன்னொரு புத்தகத்தைத் தேடிப் போகக்கூடாது.

முதல் நாவல் புத்தகமானது 1970இல். தொடர்ச்சி 1978இல். இடையில் எட்டு வருஷம். எழுதினவர் மாறியிருப்பார், படித்தவர்களும் மாறியிருப்பார்கள். கங்கா மட்டும் அதே நாற்காலியில், அதே கோப்பையோடு காத்துக்கொண்டிருந்தாளா என்ன? நான் தொடர்ச்சியைப் படித்தேன். மளமளவென்று படித்தேன், அதுதான் என் புகாரே. முந்தைய நாவலை அப்படிப் படிக்கவே முடியாது. இரண்டு பக்கத்துக்கு ஒரு தரம் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஜூன் 3, காலை

நேற்று எழுதினதைப் பற்றி யோசித்துக்கொண்டே பல் தேய்த்தபோது தோன்றியது: தொடர்ச்சியைப் படிக்கலாமா என்று கேட்கிறவர் ஏற்கெனவே ஒரு தொடர்ச்சியைத்தான் படித்து முடித்திருக்கிறார்!

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதை வந்தது. மழை நேரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு கல்லூரிப் பெண். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவன் ஏறிக்கொள்ளச் சொல்கிறான். மறுக்கத் தெரியாத பெண், ஏறிவிடுகிறாள். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள், அலறுகிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும்போது சட்டென்று சுதாரித்து எதையோ சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு மகளைக் கூட்டிப் போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், இது தண்ணீர் இல்லை, நெருப்பு என்கிறாள். காரில் அவன் கொடுத்த சூயிங் கம் அப்போதும் அந்தப் பெண்ணின் வாயில் இருக்கிறது. அதைத் துப்பச் சொல்கிறாள்.

எனக்கு அந்தக் கதையில் தண்ணீரைவிட சூயிங் கம்தான் பெரிய விஷயம். உடம்பைக் கழுவிவிடலாம். ஆனால் அந்தப் பெண் இவ்வளவு நடந்த பிறகும் அதை மென்றுகொண்டிருக்கிறாள், தான் மெல்கிறோம் என்பதே தெரியாமல். அவள் எவ்வளவு குழந்தை என்பதை வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

கதை வந்தபோது பெரிய ரகளை. அந்த அம்மா செய்தது சரியா என்று ஊரே சண்டை போட்டது. அந்தச் சண்டையிலிருந்துதான் நாவல் வருகிறது. நாவலில் அம்மா சமாளிக்கவில்லை. வாயில் அடித்துக்கொண்டு கத்திவிடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். தஞ்சாவூர் வெங்கு மாமா படிக்கவைக்கிறார், படிக்கவைத்ததற்கு வேறு மாதிரி வாடகை கேட்கிறார். சிறுகதை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த ஒரே நல்ல விஷயத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் நாவல் முதல் வரியையே எழுதுகிறது.

ஜூன் 3, மதியம்

மேலே ஒருவர் ‘இரண்டிலும் ஒரே பெண்தானே’ என்று போட்டிருக்கிறார். இல்லை ஐயா. சிறுகதையில் வரும் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. ‘அவள்’தான் கடைசிவரை. கங்கா என்று ஒருத்தி இருப்பதே நாவலில்தான்.

இதை ஒரு தற்செயல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். நான் அப்படித்தான் பல தடவை தாண்டியிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள். அம்மா வாயை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றின வீட்டில், அந்தப் பெண் நாளைக்குக் காலையில் எழுந்து கல்லூரிக்குப் போவாள். கூட்டத்தில் ஒருத்தி. நமக்கு அவள் பெயர் தெரிய வேண்டிய அவசியமே வராது. அம்மா கத்தின வீட்டில்தான் பெண்ணுக்குப் பெயர் வேண்டியிருக்கிறது, ஊர் பேசுவதற்கு. நமக்கு கங்காவைத் தெரியும் என்பதே அவளுக்கு நடந்த கெடுதல்களில் ஒன்று.

ஜெயகாந்தன் இதை யோசித்துச் செய்தாரா என்று கேட்காதீர்கள். எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 3, இரவு

கேட்டாலும் கேட்காவிட்டாலும் அத்தை கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

நாவல் தினமணி கதிரில் தொடராக வந்தபோது தலைப்பு ‘காலங்கள் மாறும்’. புத்தகமானபோதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. என் அத்தை வாராவாரம் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தாள். காக்கி நிறக் காலிகோ அட்டை, முதுகில் பேனாவால் ‘கா.மா.’ என்று இரண்டே எழுத்து. சில பக்கங்களின் பின்புறம் விளம்பரம், சிலதில் வேறு யாரோ எழுதின கதையின் பாதி. நடுவில் ஒரு வாரம் காணோம். அந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைத்திருந்தாள். அந்த வாரப் பத்திரிகையை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லையாம். முப்பது வருஷம் கழித்தும் அந்த ஆள் பெயரைச் சொல்லித் திட்டுவாள்.

நான் அந்த பைண்டில்தான் முதலில் படித்தேன். அதனால் என் கங்காவின் வாழ்க்கையில் ஒரு வாரம் கிடையாது. பின்னால் புத்தகம் வாங்கி அந்தப் பகுதியைப் படித்தபோது, யாருடைய டைரியையோ திருட்டுத்தனமாகப் படிப்பது போலக் கூச்சமாக இருந்தது.

அத்தை கடைசிவரை நாவலைப் பழைய தலைப்பில்தான் சொன்னாள். சாகித்திய அகாதெமி விருது (1972) அவளைப் பொறுத்தவரை ‘காலங்கள் மாறும்’ கதைக்குக் கிடைத்தது. தொடர்ச்சியைப் படித்தாயா என்று கேட்டேன். ‘அவளைத்தான் எனக்குத் தெரியுமே, இன்னொருத்தர் சொல்லித்தான் தெரியணுமா?’ என்றாள். இன்னொருத்தர் யார்? ஜெயகாந்தன்!

ஜூன் 4

‘இரண்டாம் பாகம் விரைவில்’ என்று திரையில் போடும் காலத்தில் நாம் இருக்கிறோம். ஜெயகாந்தன் இன்றைக்கு எழுதியிருந்தால் அந்தத் தண்ணீர்க் குடத்தோடு இடைவேளை விட்டிருப்பார்கள்.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

கிண்டல் போகட்டும். தண்ணீர்க் குடம் என்றதும் ஒரு காட்சி ஞாபகம் வந்தது, எழுதிவிடுகிறேன்.

நாவலுக்குள் ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளர் வருகிறார். அவர் எழுதின கதைதான் ‘அக்கினிப் பிரவேசம்’, அதாவது நாம் விகடனில் படித்த அதே கதை. கங்கா பத்திரிகையில் அதைப் படிக்கிறாள். தன் கதை, ஆனால் முடிவு வேறு. தன் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள்.

இதைவிடக் குரூரமான ஒரு கை நீட்டலைத் தமிழில் நான் படித்ததில்லை. மகள் திட்டவில்லை, குத்திக்காட்டவில்லை, பத்திரிகையைத்தான் நீட்டுகிறாள். வயதான அந்தப் பெண்மணி, தான் செய்திருக்கக்கூடியதை அச்சில் படிக்கிறாள். அச்சில் இருக்கும் அம்மாவுக்குப் புத்தி வருகிற அதே இடத்தில்தான் தனக்கு வராமல் போயிற்று. உடைந்துபோகிறாள். உடையாமல் என்ன செய்வாள்?

பாத்திரங்கள் தங்களைப் பற்றின முந்தைய புத்தகத்தைப் படிப்பது உலக இலக்கியத்துக்குப் புதிதில்லை. செர்வான்டிஸ் எழுதின ஸ்பானிய நாவல் டான் குயிக்ஸாட்டின் முதல் பாகம் 1605, இரண்டாம் பாகம் 1615. இரண்டாம் பாகத்தில் எதிர்ப்படுகிறவர்களில் பலர் முதல் பாகத்தைப் படித்தவர்கள், அவனை அடையாளம் கண்டுகொண்டு வேண்டுமென்றே விளையாடுகிறார்கள். நடுவில் 1614இல் வேறொருவர் புனைபெயரில் போலியாக ஒரு இரண்டாம் பாகத்தைப் போட்டுவிட்டார். செர்வான்டிஸ் சும்மா இருப்பாரா? போலிப் புத்தகத்தில் சரகோசாவுக்குப் போனதாக எழுதியிருக்கிறதென்று தெரிந்ததும், தன் குயிக்ஸாட்டை அந்த ஊருக்கே போகவிடாமல் பார்சிலோனாவுக்குத் திருப்பிவிட்டார். கடைசியில் ஆளையும் சாகடித்தார், இனி ஒருத்தனும் தொடர்ச்சி என்று கிளம்பக்கூடாதென்று.

அங்கே அது முக்கால்வாசி சிரிப்பு. ஜெயகாந்தன் அதே உத்தியை வைத்து ஒரு அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்.

ஜூன் 5

‘தொடர்ச்சி என்பதே வியாபாரம்’ என்று சொல்கிறவருக்கு: நம்முடைய இரட்டைக் காப்பியங்களை என்ன செய்யப் போகிறீர்கள்? சிலப்பதிகாரம் இளங்கோவுடையது, மணிமேகலை சாத்தனாருடையது. கோவலன் செத்த பிறகு மாதவி என்ன ஆனாள் என்று சாத்தனார் காட்டுகிறாரே, அதைவிட நல்ல தொடர்ச்சி எங்கே இருக்கிறது?

புகாரில் இந்திர விழா. மாதவி ஆட வரவில்லை. ஊர் பேசுகிறது. தாய் சித்திராபதி தோழியை அனுப்பிக் கூப்பிடுகிறாள். மாதவி மகளோடு உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருக்கிறாள், வரமாட்டேன் என்கிறாள். கணவன் இறந்தால் பெண்கள் என்னென்ன செய்வார்கள் என்று சொல்கிறாள்: உடனே உயிர் விடுவார்கள், தீயில் இறங்குவார்கள், இல்லை நோன்பு இருந்து உடம்பை வருத்துவார்கள். கண்ணகி இந்த மூன்றிலும் அடங்காதவள், ஊரையே எரித்தவள். அப்புறம் ஒன்று சொல்கிறாள் பாருங்கள், மணிமேகலை அந்தப் பத்தினியின் மகள் என்று! தான் பெற்ற பெண்ணை. சிலப்பதிகாரத்தில் மாதவி எவ்வளவோ அழுதிருக்கிறாள், கடிதம் எழுதியிருக்கிறாள். அங்கேயெல்லாம் எனக்கு அவள் மேல் பரிதாபம்தான். இந்த இடத்தில்தான் பயம் வந்தது.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மணிமேகலையின் கண்ணீர் மாலையில் விழுந்துவிடுகிறது. கண்ணீர் பட்ட பூ ஆகாது, வேறு பூ பறித்து வா என்று அனுப்புகிறாள் மாதவி. அந்தப் பூவைப் பறிக்கப் போன இடத்தில்தான் காப்பியமே கிளம்புகிறது. பழைய கதையின் கண்ணீர் பட்டு மாலை கெட்டுப்போகிறது, அதனால் புதுக் கதை தொடங்குகிறது. சாத்தனாரிடம் யாராவது வியாபாரம் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

ஜூன் 5, இரவு

மாதவி சொன்ன பட்டியலில் தீ இருந்ததைக் கவனித்தீர்களா? ஜெயகாந்தன் தலைப்பிலும் தீ. மனது அங்கேயே சுற்றுகிறது.

ஜூன் 7

அந்தத் தீயைப் பிடித்துக்கொண்டு போனால் புதுமைப்பித்தனில் போய் நிற்கும். ‘சாப விமோசனம்’, 1943. ராமாயணத்துக்கு ஒரு மனிதர் எழுதின தொடர்ச்சி, இருபது பக்கம்கூட வராது. ராமாயணத்தில் பழக்கம் உள்ளவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றிக் கவலை இல்லை என்று ஆரம்பத்திலேயே எச்சரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.

ராமனின் கால்தூசி பட்டு அகலிகை எழுந்தாயிற்று. மூலக்கதையில் அதோடு அவளுக்கு வேலை முடிந்தது. புதுமைப்பித்தன் அடுத்த நாளிலிருந்து தொடங்குகிறார். எழுந்தவள் எங்கே போவாள்? சாபம் போட்ட அதே ஆளோடு மறுபடி குடித்தனம் செய்ய வேண்டும். கோதமரும் கெட்டவர் இல்லை. தன் கோபத்தை நினைத்து உள்ளுக்குள் குமைகிறார், அவளை மன்னித்துவிட்டார், மதிக்கிறார். ஆனாலும் இருவருக்கும் நடுவில் ஒரு கூச்சம். பேச்சில் ஏதாவது ஒரு சொல் எங்கே போய்க் குத்துமோ என்று அவள் ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பேசுகிறாள். வருகிறவர் போகிறவர் பார்வைக்குப் பயப்படுகிறாள். மன்னிப்பு கிடைத்த வீட்டில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு நுட்பமாக எழுதினவர்கள் குறைவு.

பதினான்கு வருஷம் கழிகிறது. ராமனும் சீதையும் வருகிறார்கள். சீதை பேச்சுவாக்கில் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அகலிகை துடித்துப்போகிறாள். அவன் கேட்டானா? நீ ஏன் செய்தாய்? உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிறாள். தன்னைக் கல்லிலிருந்து எழுப்பினவன், தனக்கு ஒரு நியாயம் தன் மனைவிக்கு ஒரு நியாயம் என்று நடந்திருக்கிறான். அதோடு அகலிகைக்கு விமோசனம் என்பதே பொய்யாகிவிடுகிறது. கடைசியில் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

இதையும் ஜெயகாந்தனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1943இல் ஒருவர் தீக்குளிப்பு என்ற ஏற்பாட்டையே தூக்கி எறிகிறார். 1966இல் இன்னொருவர் அதே பெயரை எடுத்து, நெருப்புக்குப் பதில் தண்ணீரை வைத்து, ராமன் இடத்தில் ஒரு ஏழை விதவைத் தாயை நிறுத்துகிறார். நிரூபிக்கச் சொல்லவில்லை அவள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்கிறாள். அழகுதான். எனக்கும் அந்த முடிவு பிடிக்கும். ஆனால் அகலிகையிடம் அந்தக் கதையைக் கொடுத்தால் ஒரு கேள்வி கேட்பாள்: சுத்தம் செய்ய என்ன இருந்தது?

நாவல் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். வெங்கு மாமா சட்டம் பேசுகிறவர், ஒருவனுக்கு வைப்பாட்டியாக இருக்கலாமே ஒழிய இவள் யாருக்கும் மனைவியாக முடியாது என்கிறார். கங்கா அழவில்லை. அந்தச் சொல்லை எடுத்துத் தலையில் சூடிக்கொள்கிறாள், அன்றைக்குக் காரில் வந்தவனைத் தேடிப் பிடிக்கிறாள். தண்ணீரும் வேண்டாம் நெருப்பும் வேண்டாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டவள் அவள்.

ஜூன் 8

‘அப்படியானால் குடி?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான இடத்தில் பிடித்தீர்கள்.

திகில் நாவல் எழுதுகிற ஸ்டீபன் கிங்கை இந்தக் கூட்டத்தில் இழுத்து வருவதற்கு இரண்டு பேராவது கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. ‘தி ஷைனிங்’ 1977. குடிகார அப்பா, சின்னப் பையன் டேனி, பனியில் மாட்டிக்கொண்ட ஹோட்டல். ‘டாக்டர் ஸ்லீப்’ 2013. டேனி வளர்ந்துவிட்டான், அவனும் குடிகாரன். முதல் புத்தகம் எழுதின காலத்தில் கிங்குக்கே குடிப்பழக்கம் இருந்தது, பிறகு விட்டார். அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதனால் இரண்டு புத்தகத்திலும் ஒரே வியாதி இருந்தாலும் அது காட்டப்படும் விதம் வேறு. முதலாவதில் குடி ஒரு பூதம், எப்போது வெளியே வரும் என்று பயந்துகொண்டே இருக்கிறோம். இரண்டாவதில் அது அன்றாடம். ஒரு அறையில் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்றைக்குக் குடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறார்கள். பேய்கள் வருகிற பக்கங்களைவிட எனக்கு அந்த நாற்காலிகள்தான் நினைவில் நிற்கின்றன.

இதை எழுதும்போது முதல் நாள் போட்ட என் ஓட்டு ஆட்டம் காண்கிறது. கங்கா குடிக்க ஆரம்பிப்பதோடு ஒரு நாவல் முடிந்தால் குடி ஒரு முத்திரையாக நின்றுவிடும், ‘ஐயோ, கடைசியில் இப்படி ஆகிவிட்டாளே’ என்று. வாசகர் மனதில் அது ஒரு தண்டனை, இல்லாவிட்டால் ஒரு கவிதை. எதுவானாலும் அவள் மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீஸ் போக வேண்டுமே, அது நமக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து ஒரு பாத்திரத்திடம் திரும்பிப் போகிற எழுத்தாளர் அந்தக் காலை பத்து மணியைத் தவிர்க்கவே முடியாது.

ஜூன் 8, பின்னிரவு

என் வீட்டுக்குள்ளேயே அப்படி ஒருவர் இருந்தார். உறவுக்காரர், யார் என்று சொல்லப் போவதில்லை. அவர் குடித்துவிட்டுச் செய்த கூத்துகள் எங்கள் குடும்பத்தில் கதை கதையாக இருக்கின்றன, கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். குடியை விட்ட பிறகு அவர் இருபது வருஷம் இருந்தார். அந்த இருபது வருஷத்தைப் பற்றி ஒரு கதைகூட யாரிடமும் இல்லை. சாயங்காலம் ஆறு மணியானால் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு எங்கேயாவது நடக்கப் போய்விடுவார், மழையானாலும். எட்டு மணிக்கு வருவார். அவ்வளவுதான்.

ஜூன் 10

சினிமாவை மறந்துவிட்டோம் என்று ஞாபகப்படுத்தினவருக்கு நன்றி. பீம்சிங் எடுத்த படம் 1977இல் வந்தது. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. காரில் வந்த அந்த ஆள் பிரபுவாக ஸ்ரீகாந்த், ஆர்.கே.வி.யாக நாகேஷ்.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: நாவல் 1970, படம் 1977, தொடர்ச்சி 1978. முதல் நாவலைப் படித்தவர்கள் தங்கள் மனதில் இருந்த கங்காவைப் படித்தார்கள். தொடர்ச்சியைக் கையில் எடுத்தவர்களில் பாதிப் பேர் லட்சுமியைப் படித்திருப்பார்கள். என்னாலும் இப்போது லட்சுமி இல்லாமல் படிக்க முடியவில்லை, அந்த உதட்டோரத்து அலட்சியம் உட்பட. அத்தை படத்துக்குப் போகவே இல்லை. அவள் கங்கா எப்படி இருந்தாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன்.

நாகேஷைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இன்னொரு நாள்.

ஜூன் 11

‘கங்காவுக்கு எதற்குத் தொடர்ச்சி? பிரபுவுக்குத்தான் வேண்டும்.’ மேலே இருக்கும் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சிறுகதையில் அந்த ஆளுக்கு எந்தக் கணக்கும் இல்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான், கதை அவனைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நாவல்தான் அவனைத் தேடிப் பிடித்து, பெயர் வைத்து, மனைவி பத்மாவையும் மகள் மஞ்சுவையும் கொடுத்து உட்காரவைக்கிறது. பார்த்தால் வில்லனாக நிற்கவே லாயக்கில்லாத ஆள். அப்பன் வீட்டுப் பணம், சோம்பல், தன்மேலேயே ஒரு சலிப்பு. தனக்கு ஒரு மகள் வளர்வதைப் பார்க்கும்போதுதான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் காரில் ஏறின பெண்ணும் யாரோ ஒருவர் வீட்டு மகள் என்பது அவன் மண்டையில் ஏறுகிறது. அவன் மேல் வாசகருக்கு ஒரு பிரியம் வந்துவிடுவதுதான் நாவலின் விஷமம். எனக்கும் வந்தது. அதற்காக இன்றுவரை எனக்கு ஜெயகாந்தன் மேல் கொஞ்சம் கோபம் உண்டு.

தொடர்ச்சியில் பிரபு மறுபடி வருகிறான். இதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டேன், முடிவைச் சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். ஒன்று மட்டும் சொல்லலாம்: கங்காவை நினைத்து அந்தப் புத்தகத்தைப் படித்தால் அவசரமாக முடித்த மாதிரி தெரிகிறது. பிரபுவை நினைத்துப் படித்தால் அப்படித் தெரியவில்லை. நான் அதைத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன், இந்தத் தடவை நிதானமாகத்தான் போகிறது.

ஆக, என் ஓட்டு மாறிவிட்டது. படியுங்கள். ஆனால் உடனே வேண்டாம். முதலில் ‘அக்கினிப் பிரவேசம்’, பிறகு ‘சாப விமோசனம்’. அப்புறம் ஒரு மழைக்காலம் போகட்டும்.

ஜூன் 12

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாது, நேற்றே வாங்கிவிட்டேன் என்கிறார் கேள்வி கேட்டவர். நம் பேச்சுக்கு இருக்கும் மரியாதை இவ்வளவுதான்.

ஜூன் 15

ஐம்பது பக்கம் தாண்டிவிட்டேன், பிரபு மேல் கோபம் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறையாவிட்டால் குறையாமலே படியுங்கள். நான் குறைத்துக்கொண்டுதான் படித்தேன், அதனால் சில இடங்களில் கங்காவோடு சண்டை போட வேண்டியதாகிவிட்டது.

நீங்கள் கடைசியில் கேட்டிருக்கும் கேள்விதான் எனக்குப் புதிது: அந்த அம்மா என்ன ஆனாள்? நாவலில் அவள் இருக்கிறாள், வயதாகி, மகளுக்கு அடங்கி, வாயைத் திறந்தால் மறுபடி ஏதாவது தப்பாகிவிடுமோ என்று பயந்துகொண்டு. ஆனால் நாம் எல்லாரும் அவளை கங்காவின் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். இரண்டு கதைக்கும் வித்தியாசமே அவள் கத்தின அந்த ஒரு நொடிதான். அந்த நொடியில் அவள் தலைக்குள் என்ன ஓடியது? யார் முகம் ஞாபகம் வந்தது? கணவன் இல்லாமல் பிள்ளை கையை எதிர்பார்த்து வாழ்கிறவள், நாளைக்கு இந்த வீட்டில் தனக்கே இடம் இருக்குமா என்று யோசித்தாளா? கங்காவுக்கு இரண்டு நாவல், பிரபுவுக்கும் இரண்டு, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளருக்குக்கூட நாவலுக்குள் ஒரு சிறுகதை. அம்மாவின் பக்கத்திலிருந்து அந்த ராத்திரியை யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குகிறேன். எழுதுகிறவர் ஜெயகாந்தன் ரசிகராக இல்லாமல் இருப்பது உத்தமம்.